கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் மைலேஜ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாருதி கிராண்ட் விட்டாராவில் நான்கு சக்கரமும் இழுக்கும் மாடலுக்கு ஆல்கிரிப் என்று பெயர். நீலகிரியில் அதை வைத்துக்கொண்டிருந்தால், பெட்ரோல் பங்க்கில் தொடங்கி கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் ‘என்ன மைலேஜ் கொடுக்குது?’ என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. அடுத்தடுத்து வரும் சந்தேகங்களும் அநேகமாக ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் வாய்ப்படியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சொல்வதெல்லாம் 2022 செப்டம்பரில் வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் மேனுவல் ஆல்கிரிப்பைப் பற்றியது. டொயோட்டா ஹைரைடரின் ஆல் வீல் டிரைவ் மாடலும் அடியில் இதே வண்டிதான். இரண்டும் பெங்களூரு பக்கம் பிடதி தொழிற்சாலையில்தான் தயாராகின்றன. அதனால் ஹைரைடர்காரர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஆட்டோமேட்டிக் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

கம்பெனி சொல்ற மைலேஜ் எவ்வளவு? நிஜத்துல எவ்வளவு வரும்?

கம்பெனி சொல்வது லிட்டருக்கு 19.38 கி.மீ. இதே எஞ்ஜின், இதே மேனுவல் கியர், ஆனால் முன் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடலுக்கு 21.11. முன் சக்கர ஆட்டோமேட்டிக்குக்கு 20.58.

நிஜத்தில், நெரிசலான ஊருக்குள் 11 முதல் 13, நான்குவழிச் சாலையில் நிதானமாகப் போனால் 16 முதல் 18, மலையில் 10 முதல் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கலந்து ஓட்டுபவர்களுக்கு 14 வந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கீழே கணக்குப் போடும் இடங்களில் எல்லாம் இந்த 14ஐத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

19.38னு எழுதிக் குடுத்துட்டு 14 வந்தா அது ஏமாத்து வேலைதானே?

கோபம் நியாயம்தான், ஆனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அந்த எண் ரோட்டில் எடுத்தது இல்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, அரசு விதித்த ஒரு வேகப் பட்டியலின்படி ஓட்டி அளக்கிறார்கள். மொத்தம் 1,180 விநாடி, அதாவது 20 நிமிடம்கூட இல்லை. சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. சுற்றி வரும். அதிகபட்சம் 90, அதையும் கொஞ்ச நேரம்தான் தொடுவார்கள். ஏ.சி. போடுவதில்லை. மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோ இல்லை.

புனேயில் இருக்கும் வாகன ஆராய்ச்சிக் கழகமான ஏ.ஆர்.ஏ.ஐ. பெயரில்தான் இந்த எண் புழங்குகிறது. இப்படிச் சோதிக்கும் கூடம் நம் ஒரகடத்திலும் இருக்கிறது. எல்லா வண்டிக்கும் ஒரே சோதனை என்பதால் ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட இந்த எண் உதவும். உங்கள் மாத பெட்ரோல் செலவைக் கணிக்க உதவாது. ஏ.ஆர்.ஏ.ஐ. எண்ணில் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டால் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளுக்கு நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். 2027 ஏப்ரலில் உலக அளவில் புழங்கும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனைக்கு மாறுவதாகத் திட்டம் இருக்கிறது. அதன் வேகங்கள் நிஜ ஓட்டத்துக்கு இன்னும் நெருக்கம், அதனால் அப்போது விளம்பர எண்கள் இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இது ஹைப்ரிட் வண்டின்னு சொல்றாங்களே, அப்போ 28 வரணுமே?

அது வேறு ஹைப்ரிட். 27.97 என்ற எண் ஸ்ட்ராங் ஹைப்ரிட் மாடலுக்கு உரியது. அதில் மூன்று சிலிண்டர் எஞ்ஜினோடு பெரிய மோட்டாரும் பேட்டரியும் உண்டு, ஊருக்குள் கொஞ்ச தூரம் எஞ்ஜினை அணைத்துவிட்டே ஓடும். அந்த மாடலுக்கு இந்தியாவில் ஆல் வீல் டிரைவ் கிடையாது.

ஆல்கிரிப்பில் இருப்பது மைல்ட் ஹைப்ரிட். ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் சேர்ந்த ஒரு சின்ன மோட்டார், அதற்கு ஒரு சிறு லித்தியம் பேட்டரி, அவ்வளவுதான். கிளம்பும்போது எஞ்ஜினுக்கு லேசாகக் கைகொடுக்கும், சிக்னலில் அணைந்த எஞ்ஜினைச் சத்தமில்லாமல் உயிர்ப்பிக்கும். மோட்டாரில் மட்டும் ஒரு மீட்டர்கூட வண்டி நகராது.

ஆல் வீல் டிரைவால மட்டும் எவ்வளவு மைலேஜ் அடிபடும்?

21.11லிருந்து 19.38 என்றால் 1.73 கி.மீ. போச்சே என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். லிட்டரில் பாருங்கள், பணம் அதில்தான் இருக்கிறது. 100 கி.மீ. ஓட அந்த வண்டிக்கு 4.74 லிட்டர், இந்த வண்டிக்கு 5.16 லிட்டர். வித்தியாசம் அரை லிட்டருக்கும் கீழே.

நிஜ ஓட்டத்துக்கு அதை விரித்தால் 100 கி.மீ.க்கு 0.6 லிட்டர் வரும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மாதம் 600 ரூபாய், வருடம் 7,000 சொச்சம். அறிமுகத்தின்போது ஆல்ஃபா என்ற வகையில் முன் சக்கர மேனுவலுக்கும் ஆல்கிரிப்புக்கும் இருந்த விலை வித்தியாசமே 1.5 லட்சம். அதை வங்கியில் போட்டிருந்தால் வரும் வட்டியே இந்தப் பெட்ரோல் செலவைத் தாண்டும். ஆல் வீல் டிரைவின் உண்மையான செலவு ஷோரூமில்தான் இருக்கிறது, பங்க்கில் இல்லை. இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை.

ஆட்டோ மோடுல முன் வீல் மட்டும்தானே இழுக்குது? அப்புறம் ஏன் மைலேஜ் குறையணும்?

நல்ல கேள்வி. ஆட்டோ மோடில், பிடிமானம் உள்ள ரோட்டில், முன் சக்கரங்கள்தான் இழுக்கின்றன. முன்சக்கரம் வழுக்குவதைக் கம்ப்யூட்டர் உணர்ந்ததும் பின்னால் இருக்கும் மின்காந்த கிளட்ச் இறுகி, பின்சக்கரங்களுக்கும் விசை போகும்.

ஆனால் கிளட்ச் இருப்பது பின் ஆக்சிலில். அதற்கு முன்னால் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரை போகும் நீண்ட ஷாஃப்ட், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டி நகரும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்களும் கெட்டியான ஆயிலைக் கலக்கிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காலையில் அந்த ஆயில் இன்னும் கெட்டி. இதோடு, இத்தனை இரும்பின் எடையையும் தினமும் சுமக்கிறோம். முன் சக்கர மாடலைவிட ஓர் ஆள் எப்போதும் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக்னு நாலு மோடு இருக்கு. எதுல ஓட்டினா மைலேஜ் அதிகம்?

ஆட்டோ. மற்ற மூன்றும் மைலேஜுக்காக வைத்தவை அல்ல. ஸ்போர்ட்டில் ஆக்சிலரேட்டர் துடிப்பாகும், பின்சக்கரத்துக்கும் விசை முன்கூட்டியே போகும், பெட்ரோலும் சேர்ந்தே போகும். லாக் என்பது சேற்றில் மாட்டிக்கொண்டால் வெளியே வர. பனி இல்லாத ஊரில் ஸ்னோ எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. ஜூலை மழையில் ஊறிய தேயிலைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆல் வீல் டிரைவ் ஃபியூஸைப் பிடுங்கிட்டா டூ வீல் டிரைவா மாறி மைலேஜ் ஏறும்னு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா?

வேண்டாம். பின்சக்கரத்துக்கு விசை போகாது, அது உண்மை. ஆனால் மேலே சொன்ன ஷாஃப்டும் பற்சக்கரங்களும் சுற்றுவது நிற்காது, எடையும் இறங்காது. மைலேஜைக் குறைப்பது அவைதான், அதனால் லாபம் சைபர். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், வாரண்டி சமயத்தில் சர்வீஸ் சென்டரில் சங்கடம் வரும். ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கியதை இரண்டு ரூபாய் ஃபியூஸைப் பிடுங்கி அணைத்து வைப்பானேன்?

மைலேஜை எப்படிச் சரியா அளக்கறது? மீட்டர் காட்டறதை நம்பலாமா?

மீட்டர் காட்டுவது எஞ்ஜினுக்குள் பீய்ச்சிய பெட்ரோலை வைத்துப் போடும் கணக்கு. பெரும்பாலான வண்டிகளில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். இன்றைய ஓட்டத்தை நேற்றைய ஓட்டத்தோடு ஒப்பிட அது போதும். ஊராரிடம் சொல்ல வேண்டும் என்றால் டேங்க்கை நிரப்பித்தான் அளக்க வேண்டும்.

முறை எளிது. ஒரே பங்க், முடிந்தால் அதே பம்ப். முதல் ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். ‘ரவுண்டா போட்டுடட்டுமா சார்?’ என்று பையன் கேட்பான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ட்ரிப் மீட்டரை சைபர் ஆக்கிவிட்டு, குறைந்தது 300, 400 கி.மீ. ஓட்டி, அதே இடத்தில் மறுபடி முதல் கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். ஒருமுறை அளந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். கட் ஆகும் இடம் ஒரு லிட்டர் முன்பின் இருந்தாலே 25 லிட்டர் நிரப்பலில் 4 விழுக்காடு பிசகிவிடும். தொடர்ந்து நாலைந்து டேங்க்கின் கூட்டுக் கணக்குதான் சரியான கணக்கு.

ஊட்டிக்கு ஏறும்போது 9தான் காட்டுது. வண்டியில ஏதாவது கோளாறா?

கோளாறே இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சமவெளியிலிருந்து வரும் நண்பர்கள் பர்லியார் தாண்டுவதற்குள் போன் செய்துவிடுகிறார்கள்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். நடுவில் சுமார் 1,900 மீட்டர் உயரம். இரண்டு பேர், சாமான்களோடு வண்டி 1,400 கிலோ என்றால், அத்தனை கிலோவை அத்தனை உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 26 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். இன்றைய பெட்ரோலில் லிட்டருக்கு 30 மெகாஜூல் இருக்கிறது, ஆனால் எஞ்ஜின் அதில் 30 விழுக்காட்டைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும், மீதி சூடாகப் போய்விடும். ஆக லிட்டருக்குக் கிடைப்பது 9 மெகாஜூல். 26ஐ 9ஆல் வகுத்தால், உயரம் ஏறுவதற்கென்றே கிட்டத்தட்ட 3 லிட்டர்.

தூரம் 50 கி.மீ. சமதரையில் லிட்டருக்கு 18 என்று ஓடினாலே அதற்கு 2.8 லிட்டர் தேவை. இரண்டையும் கூட்டினால் 5.8 லிட்டர், மைலேஜ் 8.6. உங்கள் மீட்டர் 9 காட்டினால் வண்டி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. இதில் ஆல் வீல் டிரைவுக்குப் பெரிய பங்கில்லை, எந்த வண்டியானாலும் தன் எடையைத் தானே தூக்கித்தான் ஆக வேண்டும். கூடவே மூன்று பேரையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்றினால் 250 கிலோ கூடும், அதைத் தூக்க இன்னொரு அரை லிட்டர்.

ஏறும்போது 9, இறங்கும்போது 35. அப்போ சராசரி 22தானே?

14தான். மைலேஜ் எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது, லிட்டர்களைக் கூட்ட வேண்டும். ஏற 50 கி.மீ.க்கு லிட்டருக்கு 9 என்றால் 5.56 லிட்டர். இறங்க லிட்டருக்கு 35 என்றால் 1.43. மொத்தம் 7 லிட்டர், 100 கி.மீ. அப்படியென்றால் 14.3.

‘இறங்கும்போது எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில். ஏறும்போது சேர்த்த ஆற்றலில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைக்கும். மீதி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் சூடாகிக் காற்றில் போகிறது.

இறக்கத்துல நியூட்ரல் போட்டு உருட்டினா பெட்ரோல் மிச்சம்தானே?

கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. இப்போதைய எஞ்ஜினில், கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்டர் பெட்ரோலை முழுசாக நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்ஜினைச் சுற்றுகிறது, செலவு சைபர். நியூட்ரலில் போட்டால் எஞ்ஜின் அணையாமல் இருக்க ஐடிலில் பெட்ரோல் குடிக்கும். ஆக, மலை இறக்கத்தில் நியூட்ரல் என்றால் மிச்சம் பிடிப்பதற்குப் பதில் செலவு செய்கிறீர்கள்.

அதைவிட முக்கியம், பிரேக். எஞ்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய எடையை பிரேக் ஒன்றே தாங்க வேண்டி வரும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன வண்டிகளின் கதை நீலகிரியில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

மலை மேல காத்து அடர்த்தி கம்மி, அதனாலயும் மைலேஜ் குறையுமா?

சக்தி குறையும், மைலேஜ் அவ்வளவாகக் குறையாது. டர்போ இல்லாத எஞ்ஜின் இது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் 103 குதிரைச் சக்தி 80 சொச்சமாகிவிடும். டார்க்கும் 136.8 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,400 சுற்றில்தான் முழுசாகக் கிடைக்கும். அதனால் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முக்கவிடாமல் இரண்டாம் கியருக்கு இறக்கி எஞ்ஜினைச் சுற்ற விடுங்கள். சத்தம் கேட்டால் பெட்ரோல் வீண் என்று பயப்பட வேண்டாம்.

பைபாஸ்ல 80க்கும் 100க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போகுது?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80இல் இருப்பதைப்போல 100இல் 1.56 மடங்கு, 120இல் 2.25 மடங்கு. உயரமான, முன்பக்கம் சப்பையான எஸ்.யூ.வி.க்கு இது சின்ன காரைவிட நன்றாகவே உறைக்கும். 80இல் 18, 18.5 கொடுக்கும் வண்டி 100இல் 16க்கு இறங்கும். 120 நான்குவழிச் சாலையில் சட்டப்படியே கூடாது, மைலேஜும் 13க்குக் கீழே போனால் கேட்காதீர்கள்.

சென்னையிலிருந்து திருச்சி 330 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். 80க்குப் பதில் 100இல் போனால் 50 நிமிடம் மிச்சம், சுமார் இரண்டரை லிட்டர் அதிகம். 50 நிமிடத்தை 250 ரூபாய்க்கு வாங்குவது எனக்கு நஷ்டமாகத் தெரியவில்லை. பெட்ரோல்தான் முக்கியம் என்பவர் 80இல் போகட்டும், ஆனால் இடது பக்கமாக. மேலே கேரியர் போட்டு, காலியாகவே ஊரைச் சுற்றுபவர்கள் அதைக் கழற்றி வைத்தாலும் கொஞ்சம் மிச்சம்.

ஏ.சி.யை அணைச்சு ஜன்னலைத் திறந்தா மைலேஜ் கூடுமா?

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கூடும், 70, 80க்கு மேல் கூடாது. திறந்த ஜன்னலில் புகும் காற்று வண்டியைப் பின்னால் இழுக்கும், கூடவே காதும் போகும். நெரிசலில்தான் ஏ.சி.யின் பங்கு பெரிது, ஏனென்றால் வண்டி நகராவிட்டாலும் கம்ப்ரஸர் நகரும். ஏ.சி.யோடு ஒரு மணி நேரம் சும்மா நின்றால் ஏறத்தாழ ஒரு லிட்டர். கத்திரி வெயிலில், வண்டி நின்றதும் தானே வேலை செய்யும் ஐடில் ஸ்டாப் எஞ்ஜினை அணைத்தாலும், உள்ளே சூடானதும் தானே திரும்பக் கிளப்பிவிடும். ஏ.சி. வேலை செய்ய அதற்கு வேறு வழியில்லை.

பசங்களை ஸ்கூல்ல விட மட்டும்தான் வண்டி எடுக்கறேன். 8தான் வருது, என்ன செய்யறது?

ஸ்கூல் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும், சரியா? எஞ்ஜின் சூடாகும்வரை பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும், ஆயில் கெட்டியாக இருக்கும், ஆல்கிரிப்பில் பின் டிஃபரன்ஷியல் ஆயிலும் சேர்ந்து கெட்டி. எல்லாம் பதமாகும்போது கேட் வந்துவிடும், எஞ்ஜினை அணைத்துவிடுவீர்கள். சாயங்காலம் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

காலையில் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடமும் பெட்ரோல் செலவுதான், தூரம் சைபர். அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் இரண்டு கிலோமீட்டரை மென்மையாக ஓட்டுங்கள். வழியில் காய்கறிக் கடை, பேங்க் என்று எல்லா வேலையையும் ஒரே ஓட்டத்தில் முடித்தால் மைலேஜ் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். அது முடியாது என்றால் இந்தத் தூரத்துக்கு ஸ்கூட்டர் போதும்.

இ20 பெட்ரோல் வந்ததுல இருந்து மைலேஜ் விழுந்துடுச்சு. உண்மையா, பிரமையா?

உண்மை. ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. முன்பு பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலந்து வந்தது, இப்போது 20, அதுதான் இ20. கணக்குப்படி லிட்டருக்கு 3, 4 விழுக்காடு ஆற்றல் குறையும். 14 கொடுத்த வண்டி 13.5 கொடுக்கும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, இ20க்கு ட்யூன் செய்த கார்களுக்கு 1 முதல் 2 விழுக்காடும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த பழைய கார்களுக்கு 6 முதல் 7 விழுக்காடும் குறையும் என்று இருக்கிறது.

2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டி என்றால் இ20க்கு ஏற்றதுதான். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்துவிடுங்கள். 14லிருந்து 11க்கு விழுந்தது என்று சொல்பவர்கள் எத்தனாலைத் திட்டுவதற்கு முன் கடைசிக் கேள்வியைப் படிக்கவும்.

95 ஆக்டேன் பெட்ரோல் போட்டா?

சாதா பெட்ரோலுக்காக ட்யூன் செய்த எஞ்ஜின் இது. கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு மைலேஜில் ஒன்றும் திரும்ப வராது. 95இலும் எத்தனால் கலந்துதான் வருகிறது.

ஒரு டயர் கிழிஞ்சு போச்சு. அதை மட்டும் மாத்தினா மைலேஜ் பாதிக்குமா?

மைலேஜைவிட வண்டியை நினைத்துக் கவலைப்படுங்கள். 215/60 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 690 மி.மீ. புது டயரில் 8 மி.மீ. பட்டன், உங்கள் பழைய டயரில் 3 மி.மீ. என்றால், விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம், அதாவது 1.5 விழுக்காடு. நான்கு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றவில்லை என்று வண்டி நினைத்துக்கொள்ளும், பின்னால் இருக்கும் கிளட்ச் தேவையில்லாமல் உழைக்கும். ஆல் வீல் டிரைவில் நான்கையும் ஒன்றாக மாற்றுவதுதான் நல்லது. குறைந்தபட்சம் ஒரே பிராண்டு, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம். சர்வீஸின்போது டயர்களை இடம் மாற்றிக்கொண்டே வந்தால் இந்தச் சிக்கல் வராது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தேய்ந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு அதிகம் சுற்றும், மீட்டரும் தூரத்தை அதிகமாகக் காட்டும், மைலேஜ் கூடியதுபோல் தெரியும். பெரிய டயர் போட்டவர்களுக்கு நேர்மாறு. ‘அகல டயர் போட்டேன், 2 கி.மீ. போச்சு’ என்பதில் ஒரு பகுதி டயரின் எடையும் உரசலும், இன்னொரு பகுதி மீட்டரின் கணக்கு. காற்றைப் பொறுத்தவரை டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை மாதம் இருமுறை, டயர் ஆறியிருக்கும்போது பார்த்தால் போதும்.

ஆட்டோமேட்டிக் ஆல்கிரிப் எடுத்தா மைலேஜ் ரொம்பக் குறையுமா?

2025இல்தான் ஆல்கிரிப்போடு ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. அதே ஆண்டு வந்த மாருதியின் இன்னொரு எஸ்.யூ.வி.யான விக்டோரிஸிலும் அதே ஜோடி, அதற்குக் கம்பெனி சொல்லும் எண் 19.07. மேனுவலின் 19.38க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நெரிசலில் வித்தியாசம் இதைவிடக் கொஞ்சம் கூடும், ஹைவேயில் தெரியாது. மலையில் அது தானாகக் கியர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நீங்களே கீழே இறக்கிக்கொள்ளுங்கள், குறிப்பாக இறங்கும்போது.

ஃபுல் டேங்க் அடிச்சா எவ்வளவு தூரம் போகும்?

டேங்க் 45 லிட்டர். கணக்குப்படி 630, நிம்மதியாக 550. மலைக்குப் போகிறீர்கள் என்றால் அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இதுக்கு டீசல் எடுத்திருக்கலாமோ?

இதே அளவில் டீசல் ஆல் வீல் டிரைவ் என்று தேடினால் ஜீப் காம்பஸ் என்று விலை எங்கோ போய்விடும். மலையேற டீசலின் இழுவை சுகம்தான், மறுக்கவில்லை. லிட்டருக்கு இரண்டு, மூன்று கி.மீ. கூடுதலாகக் கிடைத்தாலும், அந்த விலை வித்தியாசத்தைப் பெட்ரோல் செலவில் ஈடுகட்ட வருடக்கணக்கில் ஓட்ட வேண்டும். தினமும் 80, 100 கி.மீ. ஓட்டும் எஸ்டேட்காரர்களுக்கு அந்தக் கணக்கு சரிப்படலாம்.

சென்னையில இருக்கேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை கொடைக்கானல் போவேன். ஆல்கிரிப் எடுக்கலாமா?

கொடைக்கானல் ரோடு தார் ரோடு. முன் சக்கர வண்டிகளும் வேன்களும் தினமும் ஏறி இறங்குகின்றன. ஆல் வீல் டிரைவ் தேவைப்படுவது தார் முடியும் இடத்தில்: தோட்டத்து மண் பாதை, புல் ஏறிய சரிவு, வீட்டு வாசலுக்கே செங்குத்தாக ஏறும் சிமெண்ட் ரோடு. உங்கள் வழியில் அப்படி ஒன்று இல்லை என்றால் முன் சக்கர மாடல் போதும். சென்னை நெரிசலில்தான் முக்கால்வாசி ஓட்டம் என்றால் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், நின்று நின்று போகும் இடத்தில்தான் அதன் திறமை தெரியும்.

நல்லா ஓடிட்டிருந்த வண்டி, திடீர்னு மைலேஜ் விழுந்துடுச்சு. எங்கிருந்து பார்க்கறது?

முதலில் அளவைச் சந்தேகப்படுங்கள். இரண்டு டேங்க் மேலே சொன்ன முறையில் அளந்து, அப்போதும் குறைவாகவே இருந்தால் வண்டியைப் பார்க்கலாம். பத்து கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரத்துப் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்தது டயர் காற்று, அப்புறம் வீல் அலைன்மெண்ட். எஞ்ஜின் வெப்ப முள் முன்பைவிடக் கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கலாம். எஞ்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். எஞ்ஜின் விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்பது பழைய எஞ்ஜின்களுக்குப் பொருந்தியது. இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்ஜினில் அடைத்த ஃபில்டர் சக்தியைக் குறைக்கும், மைலேஜை அவ்வளவாகத் தொடாது. இருந்தாலும் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. ஆல்கிரிப்பில் பலர் மறக்கும் ஒன்று டிரான்ஸ்ஃபர் கேஸ் (பின்பக்க ஷாஃப்டுக்கு விசையைத் திருப்பும் பெட்டி), பின் டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் ஆயில். முன் சக்கர மாடலுக்கு இவை இல்லாததால் சர்வீஸ் சீட்டில் சில சமயம் விடுபட்டுப் போகும். சீட்டில் கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டு வரியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.